வெயிலா, கோழியா, மாத்திரையா? மாமியாரின் நீர்க்கடுப்பும் மருந்துக்கு மசியாத கிருமியும்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் எல்லையோரக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு, சுருக்கத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு வயது 38. கணவரும் அவரும் ஒரு கம்பெனிக்குக் கறிக்கோழி வளர்த்துக் கொடுக்கிறார்கள். ஒரு பேட்சுக்கு 5,000 குஞ்சு. குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனியுடையது. ஷெட்டும் கரண்டும் உழைப்பும் இவர்களுடையது. 64 வயது மாமியாருக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை நோய். ஒரே வருடத்தில் நான்கு முறை நீர்க்கடுப்பு வந்துவிட்டது. முதல் இரண்டு முறை, கேரளப் பக்கக் கடைகளில் சீட்டு இல்லாமல் தர மறுத்ததால், செக்போஸ்ட் தாண்டிப் போய் ஒரு கடையில் மாத்திரை வாங்கியிருக்கிறார்கள். முதல் முறை சிப்ரோஃப்ளாக்சசின், அடுத்த முறை செஃபிக்சைம். மூன்றாம் நாள் எரிச்சல் நின்றதும் நிறுத்திவிட்டு, மிச்சத்தை அலமாரியில் வைத்திருக்கிறார்கள். மூன்றாவது முறை ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். அங்கே எடுத்த கல்ச்சர் (சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்க்கும் சோதனை) ரிப்போர்ட்டின் நகலைத் தரவில்லை. நான்காவது முறை எடுத்த ரிப்போர்ட்டில் குடலில் வாழும் ஈ.கோலி கிருமி, இ.எஸ்.பி.எல் வகை (பல ஆன்டிபயாடிக்குகளைச் சிதைக்கும் நொதியைச் சுரப்பது), பெரும்பாலான மருந்துகளுக்கு நேராக 'ஆர்', அதாவது கட்டுப்படாது, என்று வந்திருக்கிறது.

கல்லூரியில் படிக்கும் கொழுந்தனார் மகன், "வெயில், உப்பு, பிளீச்சிங் பவுடர் எல்லாமே கிருமிக்கு நெருக்கடி. நெருக்கடி கொடுத்தால் கிருமி இன்னும் பலமாகும்" என்று சொல்ல, ஷெட்டிலும் கிணற்றிலும் பிளீச்சிங் போடுவதையே நிறுத்திவிட்டார்கள். ஆனால் வெயில் காலத்தில் கோழிக்குத் தண்ணீரில் கலக்கும் பவுடர் மட்டும் நிற்கவில்லை, சூப்பர்வைசர் கொடுப்பது. "மாமியார் உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டதா? எங்கள் கோழிதான் காரணமா? பவுடர் வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு உரிமை உண்டா? சொன்னால் அடுத்த பேட்ச் இறக்க மாட்டார்கள் என்று வீட்டுக்காரர் பயப்படுகிறார். அத்தை தன் தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்துக்கொண்டு, பேத்தியைப் பக்கத்தில் படுக்க விடுவதில்லை. அதைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருக்கிறது" என்று முடித்திருக்கிறார்.

சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் கேட்டவற்றுக்கு வருவதற்கு முன்னால் அவசரமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

மாமியாருக்குக் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாப்பக்கத்தில் அல்லது இடுப்புக்கு மேல் முதுகில் வலி, வாந்தி, வழக்கத்துக்கு மாறான குழப்பமான பேச்சு, சிறுநீர் அளவு குறைவது, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தொற்று சிறுநீரகத்துக்கோ ரத்தத்துக்கோ ஏறியிருக்கலாம் என்பதன் அறிகுறிகள் அவை. சர்க்கரை உள்ளவர்களுக்கு அது வேகமாக முற்றும்.

அப்படி எதுவும் இல்லை, எரிச்சல் மட்டும்தான் என்றால் பதற வேண்டியதில்லை. நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டில் நைட்ரோஃபுரான்டாயின், ஃபாஸ்ஃபோமைசின் இரண்டுக்கும் நேராக 'எஸ்' இருக்கிறது. கிருமி அவற்றுக்குக் கட்டுப்படும் என்று அர்த்தம். இரண்டுமே வாய்வழி மருந்துகள், சிறுநீர்ப்பைத் தொற்றுக்கே உரியவை. எது பொருந்தும் என்பதை, குறிப்பாக நைட்ரோஃபுரான்டாயினை, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவைப் பார்த்துத்தான் மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். அதே பட்டியலின் கீழே இருக்கும் மெரோபெனம் ஊசி நம்மிடம் உள்ள கடைசிக் கையிருப்புகளில் ஒன்று. காய்ச்சல் ஏறினால் ஊசி போடலாம் என்று உங்கள் மருத்துவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். காய்ச்சல் இல்லாதபோது "எதற்கும் பெரிய ஊசியாகவே போட்டுவிடுங்கள்" என்று நீங்களாகக் கேட்காதீர்கள்.

பழகியது உடம்பு இல்லை, கிருமி

"உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது" என்று என்னிடம் வருபவர்களில் பாதிப் பேராவது சொல்வார்கள். மாமியாரின் உடம்பில் எந்தக் கோளாறும் இல்லை. அவர் குடலிலும் சிறுநீர்ப்பையிலும் இருக்கும் கிருமிக் கூட்டம் மாறியிருக்கிறது. மருந்துக்குச் சாகிறவை செத்தன, சாகாத சில பெருகின. வசதியான சூழலில் ஈ.கோலி 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும்; ஓர் இரவு போதும்.

அந்தச் சாகாத சில எங்கிருந்து வந்தன? மருந்தைப் பார்த்துப் பாடம் படித்து மாறியவை என்று உங்கள் கொழுந்தனார் பையன் நினைப்பது போலத் தெரிகிறது. 1943லேயே லூரியா, டெல்ப்ரூக் என்ற இருவர், கிருமியைக் கொல்லும் வைரஸை வைத்துச் செய்த சோதனையில் இதைத் தெளிவாக்கினார்கள். எதிர்த்து நிற்கும் கிருமிகள், ஆபத்தைச் சந்திப்பதற்கு முன்பே கூட்டத்துக்குள் தற்செயலாகப் பிறந்திருந்தன. மருந்தை எதிர்க்கும் மரபணுக்களும் நம் மாத்திரைகளைவிட மிகப் பழையவை. கனடாவின் உறைநிலத்தில் 30,000 வருடப் பழைய மண்ணிலேயே அவற்றைக் கண்டெடுத்து 2011ல் அறிவித்தார்கள். மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் ஒன்றையொன்று தாக்க இயற்கையாகவே இப்படிப்பட்ட பொருள்களைச் சுரக்கின்றன. தற்காப்பும் அன்றிலிருந்தே இருக்கிறது.

நெருக்கடியில் கிருமி என்ன செய்கிறது

உங்கள் பையன் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியை ஒழுங்காகப் புரிந்துகொள்ளாவிட்டால் தவறான முடிவுக்குப் போய்விடுவோம், போயும்விட்டீர்கள்.

வறட்சி வந்தால் தென்னை என்ன செய்கிறது? அடி மட்டைகளை உதிர்க்கிறது, குரும்பையைக் கொட்டுகிறது, குருத்தை மட்டும் காப்பாற்றிக்கொள்கிறது. கிருமியும் அப்படித்தான். பட்டினி, சூடு, அமிலம், உப்பு எது தாக்கினாலும் வளர்ச்சியைக் குறைத்துக்கொண்டு தற்காப்பில் இறங்கும். பெரும்பாலான ஆன்டிபயாடிக்குகள் வளர்கிற கிருமியைத்தான் நன்றாகக் கொல்லும்; முடங்கிக் கிடப்பதைத் தொடாது. பென்சிலினில் ஊறியும் சாகாமல் கிடந்த இந்த மாதிரிக் கிருமிகளை டப்ளினைச் சேர்ந்த ஜோசப் பிக்கர் 1944லேயே விவரித்தார். இவை மரபணு மாறியவை அல்ல. மருந்து நின்றதும் எழுந்து, பழையபடி மருந்துக்குச் சாகிற பிள்ளைகளையே பெறும். ஒரே தொற்று திரும்பத் திரும்ப வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உப்புக்கு வருகிறேன். ஈ.கோலியின் மேலுறையில் சத்து உள்ளே போகிற துளைகள் உண்டு. சுற்றியுள்ள நீரில் உப்பு கூடினால் அது பெரிய துளைகளைக் குறைத்துச் சிறிய துளைகளைக் கூட்டும். மருந்தில் சிலவும் அந்தப் பெரிய துளை வழியாகத்தான் போகின்றன. இன்னொரு பக்கம், உள்ளே வந்த நஞ்சை வெளியே இறைக்கிற பம்புகளும் கிருமிக்கு உண்டு. நெருக்கடியில் அவை கூடுதலாக ஓடும். மோட்டார் ஒன்றுதான், அது நஞ்சையும் இறைக்கும், ஆன்டிபயாடிக்கையும் இறைக்கும்.

எனக்கு மிகவும் கவலை தருவது அடுத்தது. கிருமியின் மரபணு இழை உடைந்தால் அவசரப் பழுதுபார்ப்பு ஒன்று தொடங்கும். கிழிந்த சேலையைக் கல்யாண வாசலில் நின்றுகொண்டு கிடைத்த நூலில் தைப்பது போல, தையல் கோணலாக விழும். அந்தக் கோணல்களில் பெரும்பாலானவை கிருமிக்கே கேடு. எப்போதாவது ஒன்று மருந்திலிருந்து தப்பிக்கிற வழியாக அமைந்துவிடும். இந்த அவசரப் பழுதுபார்ப்பைத் தூண்டுகிற பொருள்களில் முக்கியமான ஒன்று எது தெரியுமா? நீங்கள் முதலில் வாங்கிய சிப்ரோஃப்ளாக்சசின்.

இதற்கு நம் சென்னையிலிருந்தே ஓர் உதாரணம் உண்டு. 1992ல் அங்கே பரவிய புதுவகைக் காலராக் கிருமியில், நான்கு மருந்துகளை எதிர்க்கும் மரபணுக்கள் ஒரே மூட்டையாக இருந்தன. ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடிய மூட்டை. கிருமி நிம்மதியாக இருக்கும்போது அந்த மூட்டை பெரும்பாலும் அடங்கியிருக்கும். சிப்ரோஃப்ளாக்சசின் கொடுத்துக் கிருமியை நெருக்கினால் தாவல் பல மடங்கு கூடுகிறது என்று 2004ல் காட்டினார்கள். அந்த மூட்டையில் சிப்ரோஃப்ளாக்சசினை எதிர்க்கும் மரபணுவே இல்லை. ஒரு மருந்தின் நெருக்கடி வேறு மருந்துகளுக்கான எதிர்ப்பைப் பரப்பிவிட்டது.

அப்படியென்றால் வெயிலும் குற்றவாளியா? அமெரிக்காவில் 2018ல் வந்த ஆய்வு ஒன்றில், 10 டிகிரி வெப்பம் கூடுதலாக உள்ள பகுதிகளில் ஈ.கோலியின் மருந்து எதிர்ப்பு 4.2 சதவீதம் கூடுதலாக இருந்தது. இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன என்பதுதான் அதில் தெரிகிறது; வெப்பம்தான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. மாறாக, சில நெருக்கடிகள் எதிர்ப்புள்ள கிருமியையே நலிவடையச் செய்யும், ஏனென்றால் எதிர்ப்பைச் சுமப்பதற்கும் சத்து செலவாகும். ஏப்ரலில் 40 டிகிரியைத் தொடுகிற உங்கள் ஊர் வெயிலை நம்மால் மாற்ற முடியாது. அந்த வெயிலில் மருந்தை எப்படிக் கையாள்கிறோம் என்பதை மாற்றலாம்.

அரைகுறைதான் ஆபத்து

2016ல் ஹார்வர்டில் ஒரு சோதனை செய்தார்கள். நான்கடி நீளத் தட்டு. ஓரத்தில் மருந்தே இல்லை, உள்ளே போகப் போகப் பத்துப் பத்து மடங்காகக் கூட்டி, நடுவில் 1,000 மடங்கு. ஓரத்தில் விட்ட ஈ.கோலி ஒவ்வொரு எல்லையிலும் நின்று, மாறி, அடுத்த பட்டைக்குள் நுழைந்து, சுமார் 11 நாளில் நடுவை எட்டியது. ஒரே தாவலில் போக முடியாத இடத்துக்குப் படிக்கட்டு வைத்துக் கொடுத்தால் ஏறிவிடுகிறது. சுவீடனின் உப்சாலா ஆய்வாளர்கள் 2011ல் இன்னும் நுணுக்கமாகக் காட்டினார்கள்: கொல்லும் அளவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான மருந்துகூட, எதிர்ப்புள்ள கிருமியை முந்த வைக்கப் போதும்.

பிளீச்சிங்கை நிறுத்தியது தவறு என்று நான் சொல்வது இதனால்தான். முறையாகப் போட்ட குளோரின் கிருமியை நெருக்குவதோடு நிற்காது, கொன்றுவிடும். எருவும் தூசும் படிந்த தரையில், கண் அளவாக, நீர்க்கத் தெளித்தால்தான் சிக்கல். அழுக்கு குளோரினைத் தின்றுவிடும், மிஞ்சிய கிருமி பிழைத்துவிடும். ஒரு பேட்ச் கோழி விற்பனைக்குப் போனதும், தரையில் விரித்த பழைய நார்த்தூளை முழுக்க வாரி, கழுவி, காயவிட்டு, அப்புறம் டப்பாவில் சொன்ன அளவில் மருந்தடித்து, சொன்ன நேரம் விடுங்கள். கிணற்றுக்கு 1,000 லிட்டர் தண்ணீருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர், சாயந்திரம் கரைத்து ஊற்றிவிட்டுக் காலையில் இறைக்கலாம். இந்த வாரமே தொடங்குங்கள்.

மயில்துத்தம், அதாவது செம்பு கலந்த காப்பர் சல்ஃபேட், பற்றியும் ஒரு வார்த்தை. செம்பை எதிர்க்கும் மரபணுவும் ஆன்டிபயாடிக்கை எதிர்க்கும் மரபணுவும் ஒரே மூட்டையில் சேர்ந்து பயணிப்பது பல இடங்களில் கண்டறியப்பட்டிருக்கிறது. தேவை இல்லாமல் கோழித் தண்ணீரில் கலக்காதீர்கள்.

கோழியும் அந்தப் பவுடரும்

உங்கள் கோழிதான் மாமியாருக்குக் காரணமா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இ.எஸ்.பி.எல் வகை ஈ.கோலியை ஆரோக்கியமான எத்தனையோ பேர் தெரியாமலே குடலில் சுமக்கிறார்கள். அவருக்குச் சர்க்கரை இருக்கிறது, ஒரே வருடத்தில் பல முறை ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருக்கிறார். காரணம் தேடினால் என் கண்ணில் முதலில் படுவது அவைதான். கோழிக்கறியை நன்றாக வேகவைத்துத் தாராளமாகச் சாப்பிடலாம்.

ஆனால் நீங்கள் படம் எடுத்து அனுப்பிய பவுடர் உறையில் என்ரோஃப்ளாக்சசின் என்று இருக்கிறது. அது சிப்ரோஃப்ளாக்சசினின் உடன்பிறப்பு. உடலுக்குள் போனதும் ஒரு பகுதி சிப்ரோஃப்ளாக்சசினாகவே மாறும். வெக்கைக்கு அது மருந்தே இல்லை. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது, வாயைப் பிளந்து மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கும். அதற்கு வேண்டியது காற்றும் குளிர்ந்த தண்ணீரும் எலக்ட்ரோலைட்டும், கூரை மேல் தென்னோலையும் நனைத்த சாக்கும்தான். வெயிலில் பலமான கோழி இரண்டு மடங்கு குடிக்கும், துவண்டது குடிக்கவே குடிக்காது. ஒன்றுக்குக் கூடுதல், ஒன்றுக்குக் குறைவு. குழாய்க்குள் வழவழப்பாகப் படியும் கிருமிப் படலத்துக்கும் தினம் கொஞ்சம் மருந்து. ஹார்வர்டில் தட்டில் கட்டிய படிக்கட்டு உங்கள் ஷெட்டில் தானாகவே அமைந்துவிடுகிறது. பேட்சுக்கு நடுவே குழாய்களை நன்றாகக் கழுவி விடுங்கள். எருவை ஈரமாகவே தோட்டத்துக்குப் போடாமல், கிணற்றை விட்டுத் தள்ளிக் குவித்துச் சூடேறி மட்க விடுங்கள். எல்லாக் கிருமியும் போகாது, பெருமளவு குறையும்.

உரிமை என்று கேட்டீர்கள். கோழி கம்பெனியுடையதாக இருக்கலாம், மருந்தைக் கையால் கலப்பது நீங்கள். மருந்தின் பெயர், கால்நடை மருத்துவரின் சீட்டு, விற்பனைக்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்ற விவரம், இந்த மூன்றையும் கேட்கலாம். உணவுக்கான கால்நடைக்குக் கொடுக்கும் மருந்தின் உறையில் அந்த நாள்கணக்கு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இறைச்சிக்குக் குறைந்தது 28 நாள் என்று மத்திய மருந்து விதி 2012லிருந்து சொல்கிறது. உங்கள் கோழி ஷெட்டில் இருப்பதே நாற்பது நாள்தான், கணக்குப் போட்டுப் பாருங்கள். உறையில் கோலிஸ்டின் என்று எப்போதாவது கண்டால் தொடவே வேண்டாம். 2019 ஜூலையிலிருந்து உணவுக்கான கால்நடைகளில் அது நாடு முழுக்கத் தடை.

கணவரின் பயம் நியாயமானது. தனியாக எழுதிக் கொடுத்து மோதச் சொல்ல மாட்டேன். அக்கம்பக்கத்தில் அதே கம்பெனிக்கு வளர்ப்பவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து, "வெக்கைக்கு எலக்ட்ரோலைட் கொடுங்கள், நோய் வந்தால் டாக்டர் பார்த்துச் சீட்டு எழுதட்டும்" என்று கேளுங்கள். கம்பெனிக்கும் மருந்துச் செலவு மிச்சம் என்பதையும் சொல்லுங்கள். உண்மையிலேயே நோய் விழுந்து டாக்டர் எழுதிய மருந்தாக இருந்தால் மறுக்காதீர்கள். ஒப்பந்த நகல் கையில் இல்லையென்றால் இப்போதே வாங்கி வையுங்கள். அடுத்த பேட்சை நிறுத்தி மிரட்டினால் தாலுகா சட்டப் பணிகள் குழுவுக்குப் போகலாம். வருமானம் எதுவானாலும் பெண்களுக்கு அங்கே இலவச சட்ட உதவி உண்டு, அதனால் மனுவை உங்கள் பெயரிலேயே கொடுங்கள்.

செக்போஸ்ட் தாண்டினால் சட்டம் மாறாது

"அந்தப் பக்கம் கொடுப்பார்கள்" என்பது பழக்கம். சட்டம் இரு பக்கமும் ஒன்றுதான். செஃபிக்சைம் 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த எச்1 என்ற கட்டுப்பாட்டு மருந்துப் பட்டியலில் இருக்கிறது. நாட்டின் எந்தக் கடையும் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விற்றதைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். கிருமிகள் மருந்துக்கு மசியாமல் போவதைத் தடுக்கவே கேரளம் 2018லேயே மாநிலச் செயல்திட்டம் போட்டது, நாட்டிலேயே முதலாவதாக. 2024லிருந்து சோதனைகளையும் கடுமையாக்கியிருக்கிறது. உங்கள் ஊர்க் கடைக்காரர் மறுத்தது உங்கள் மாமியாருக்குச் செய்த நன்மை.

மூன்றாம் நாள் நிறுத்தியதால்தான் எல்லாம் கெட்டது என்று உங்களையே நொந்துகொள்ள வேண்டாம். சாதாரண சிறுநீர்ப்பைத் தொற்றுக்குச் சில மருந்துகள் மூன்று நாளே போதும், ஃபாஸ்ஃபோமைசின் ஒரே வேளைதான். தப்பானது, என்ன கிருமி என்று பார்க்காமல் தொடங்கியதும் மிச்சத்தைச் சேர்த்து வைத்ததும். அலமாரியில் இருப்பதை வாய்க்காலிலோ குப்பைமேட்டிலோ போடாமல், அடுத்த முறை ஆரோக்கிய கேந்திரத்துக்கு எடுத்துப் போய் என்ன செய்வது என்று கேளுங்கள். தனியார் ஆஸ்பத்திரியின் பழைய ரிப்போர்ட்டை எழுத்துமூலம் கேளுங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்தில் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி சொல்கிறது. இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மருத்துவருக்கு மிகவும் உதவும்.

இனி வராமல் இருக்க மாமியாருக்குச் சர்க்கரை கட்டுக்குள் வர வேண்டும், தண்ணீர் கூட வேண்டும். தோட்டத்தில் ஒதுங்க இடமில்லாமல் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே இருக்கிற பெண்களை உங்கள் பக்கத்தில் நிறையப் பார்க்கிறேன். அடக்கி வைத்த, கெட்டியான சிறுநீர் கிருமிக்குப் பெருக நேரம் கொடுக்கும். மாதவிடாய் நின்றவர்களுக்குப் பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு தொற்று திரும்புவதைக் குறைக்கும். கூச்சப்படாமல் மருத்துவரிடம் கேளுங்கள். எரிச்சல், காய்ச்சல் எதுவும் இல்லாதபோது "சுத்தமாகிவிட்டதா பார்ப்போம்" என்று கல்ச்சர் எடுக்காதீர்கள். அறிகுறி இல்லாமல் கிருமி மட்டும் தெரிந்தால், அவர் வயதில் பெரும்பாலும் மருந்தே தேவையில்லை. கொடுத்தால் மறுபடியும் அதே கதைதான்.

தட்டும் டம்ளரும் தனியாக வேண்டியதே இல்லை. இந்தக் கிருமி தொட்டாலோ பக்கத்தில் படுத்தாலோ தாவிவிடாது. கக்கூஸ் போய் வந்த பிறகும் சமைப்பதற்கு முன்பும் ஷெட்டிலிருந்து வந்த பிறகும் வீட்டில் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும். இதை நீங்கள் சொல்வதைவிட டாக்டர் எழுதியிருக்கிறார் என்று அவருக்கே வாசித்துக் காட்டுங்கள். இன்று ராத்திரி பேத்தி பாட்டியோடு படுக்கட்டும்.